வழிபார்த்திருந்த கிராமம்: ‘இல்ஹாக்’ திரைப்படமும் உஸ்பெக் நாட்டின் போர்க்கால வாழ்வும்

உஸ்பெக் மொழியிலே ‘இல்ஹாக்’ என்றொரு சொல் உண்டு. வரவேண்டியவர் வரும் பாதையிலே கண்ணை நாட்டி ஏக்கத்தோடு காத்திருக்கும் நிலையை அது குறிக்கும். வழிமேல் விழி வைத்திருத்தல் என நாம் வழங்குவது அதற்கு மிக அண்மையது. 2020ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி ஜஹாங்கீர் அஹ்மெதொவின் நெறியாள்கையில் வெளிவந்த திரைப்படத்துக்கு இச்சொல்லே பெயராயிற்று. தாஷ்கண்ட் மாகாணத்துக் கிராமமொன்றில் வாழ்ந்த சுல்பியா ஸாகிரொவா என்ற தாயின் வரலாறு அதன் கரு. அவருடைய புதல்வர் ஐவர் போருக்குச் சென்றனர். ஐவருள் ஒருவரேனும் மீளவில்லை. உஸ்பெக் மக்கள் அவரைச் ‘சுல்பியா ஆயா’ என்றே குறிப்பிடுவர். (அவர்தம் மொழியில் தாயையும் முதுபெண்டிரையும் விளிக்கும் சொல் அது. ஒலியொப்புமை கொண்டு உறவு கற்பிக்கும் சொல்லாராய்ச்சிக்கு இக்கட்டுரை ஏற்ற இடமன்று.)

இத்திரைப்படத்தின் கதையை எடுத்துரைப்பதோ, அதன் நடிப்பையும் ஒளிப்பதிவையும் மதிப்பிடுவதோ எமது நோக்கமன்று. அதன் தலைப்பாக அமைந்த காத்திருப்பு என்பதனை ஒரு வரலாற்றுப் பொருளாகக் கொண்டு நோக்க விழைகின்றோம். போர்முனைக்குப் பல்லாயிரம் கிலோமீற்றர் அப்பால் இருந்த பருத்திக் கிராமத்தில் காத்திருப்பு என்பது எத்தகைய வாழ்வாக இருந்தது? எந்தத் தாயின் காத்திருப்பு பிற்காலத்தில் சிலையாகவும் திரைப்படமாகவும் ஆகத்தக்கதாயிற்று? எந்தத் தாயின் காத்திருப்பு அவ்வாறு ஆகவில்லை? இவ்வினாக்களே எம்முன் உள்ளன.

முதலில் ஒரு முரணைச் சுட்டவேண்டும். போர்க்காலத்திலே தாஷ்கண்ட் சோவியத் திரைப்படத் தொழிலின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாக விளங்கிற்று. மேற்குப் பகுதிகளிலிருந்து கலையகங்களும் கலைஞரும் அங்கு இடம்பெயர்க்கப்பட்டிருந்தனர். லியொனிட் லூக்கொவின் ‘இரு போர்வீரர்’ 1943இல் அங்குதான் உருவாயிற்று. லெனின்கிராட் நகரின் காப்பரண்களைக் காட்டும் அப்படத்தின் காட்சிகள் தாஷ்கண்டிலேயே எடுக்கப்பட்டன. அதே ஆண்டில் யாக்கொவ் புரொட்டஸானொவ் ‘புகாராவில் நஸ்ருத்தீன்’ என்ற படத்தை ஆக்கினார். நபி கனியேவின் ‘தாஹிரும் சுஹ்ராவும்’ 1945இல் வெளிவந்தது. ஆக, உஸ்பெக் மண்ணில் அமைந்த படப்பிடிப்புத் தளங்கள் ஒருபுறம் லெனின்கிராட்டாக மாறின. மறுபுறம் பழங்கதைகளின் புகாராவாக மாறின. தளத்தின் மதிலுக்கு அப்பால், அதே வேளையில் கெத்மென் என்னும் மண்வெட்டியோடு வாய்க்கால் தூர் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இவற்றுள் எதிலும் கதைமாந்தராக இடம்பெறவில்லை. ஆட்சியின் நோக்கில் கிராமம் போருக்கு உணவும் பருத்தியும் ஆளும் அனுப்பும் பின்தளம். பின்தளத்துக்குத் தனிக்கதை உண்டென்ற எண்ணம் பின்னரே தோன்றிற்று.

அவ்வெண்ணம் திரையில் வலுவாக வெளிப்பட்டது 1962இல், ஷுஹ்ரத் அப்பாஸொவின் ‘நீ அநாதையல்லை’ என்ற படத்தில் எனலாம். கஃபூர் குலாம் 1942இல் இயற்றிய கவிதையின் பெயரை ஏற்ற அப்படம், ஷாமஹ்மூதொவ் என்னும் தாஷ்கண்ட் கொல்லரும் அவர் மனைவி பஹ்ரி அக்ரமொவாவும் போர்க்காலத்தில் பல்வேறு இனங்களைச் சேர்ந்த பதினைந்து குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த உண்மை நிகழ்வை அடியொற்றியது. அது நகரத்து மஹல்லாவின் கதை. அப்பாஸொவின் பரிவு போலியானதன்று. சோறு போதாத வீட்டில் மேலுமொரு தட்டு வைக்கப்படும்போது அவ்வீட்டார் மனத்தில் எழும் தயக்கத்தையும் அவர் காட்டத் தவறவில்லை. எனினும் அக்கதையில் வருகின்றவர் குழந்தைகள். பெறுகின்றவர் உஸ்பெக் பெற்றோர். மக்களினங்களின் நட்புறவு என்ற சோவியத் கொள்கைக்கு அதனிலும் பொருத்தமான உருவகம் கிடைத்தற்கரிது. கிராமத்திலிருந்து சென்றவர்களைப் பற்றிய கதை அதற்குள் அடங்காது.

இனி அக்கிராமத்தைச் சற்று நெருங்கி நோக்குவோம். கிஷ்லாக் எனப்படும் உஸ்பெக் கிராமம் 1941இல் ஏற்கெனவே இரு பெரும் மாற்றங்களுக்கு உட்பட்டிருந்தது. கூட்டுப்பண்ணைமயமாக்கம் நிலத்தையும் கால்நடையையும் குடும்பத்தின் கையிலிருந்து எடுத்திருந்தது. பருத்தித் தற்சார்பு என்ற திட்டம் உணவுப் பயிரின் இடத்தைப் பருத்திக்கு வழங்கியிருந்தது. இவ்விரண்டாவது மாற்றம் போர்க்காலத் துன்பத்தை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது. சைபீரியத் தானியம் மத்திய ஆசியாவுக்கு வரும். மத்திய ஆசியா தனது நிலத்தைப் பருத்திக்கு விடும். இக்கணக்கின் பேரிலேயே 1930இல் துர்க்கிஸ்தான்–சைபீரியப் புகையிரதப் பாதை நிறைவுசெய்யப்பட்டது. 1939இல் ஏறத்தாழ 160,000 பேர் 45 நாட்களில், பெரும்பாலும் கெத்மென்னைக் கொண்டே, சுமார் 270 கிலோமீற்றர் நீளமான பெரும் பெர்கானாக் கால்வாயை வெட்டியதும் பருத்திக்காகவே. நீரும் இருந்தது, பருத்தியும் இருந்தது. உணவு மட்டும் தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று.

போர் அக்கணக்கைக் குலைத்தது. உக்ரேனின் கோதுமையும் சர்க்கரைக் கிழங்கும் பகைவர் கையிற் சிக்கின. தானியம் படையினருக்கும் தொழிற்சாலை நகரங்களுக்கும் சென்றது. பருத்திக் கிராமத்துக்கு வரும் தானியம் அருகிற்று. அதே கிராமம் இப்பொழுது பருத்தியோடு தானியமும், முன்னறியாத சர்க்கரைக் கிழங்கும் விளைவிக்குமாறு பணிக்கப்பட்டது. பருத்தி வெறும் சீருடைக்கான நூலன்று. வெடிமருந்துக்கும் அது மூலப்பொருள். ஆகவே அதன் இலக்கும் இறங்கவில்லை. ஆண்களும் உழவு விலங்குகளும் போருக்குக் கொண்டுசெல்லப்பட, உழவியந்திரங்கள் உதிரிப்பாகமின்றி நிற்க, 1942இலும் 1943இலும் பருத்தி விளைச்சல் கடுமையாக வீழ்ச்சியுற்றதில் வியப்பில்லை. மக்கள் உழைக்கத் தவறியதால் நேர்ந்த வீழ்ச்சியாக அதைக் கருதுவது பெரும் பிழையாகும்.

உழைப்பின் அளவைச் சட்டமே கூறும். 1942 ஏப்ரல் 13ஆம் திகதிய ஆணை, கூட்டுப்பண்ணை உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டொன்றில் ஈட்டவேண்டிய குறைந்தபட்ச வேலைநாள் அலகுகளை உயர்த்திற்று. பருத்திப் பிரதேசங்களுக்கு அது 150 ஆகும். சோவியத் நாட்டின் எப்பிரதேசத்துக்கும் விதிக்கப்பட்டவற்றுள் இதுவே உயர்ந்தது. பன்னிரண்டு முதல் பதினாறு வயதுவரையான சிறுவருக்கும் ஐம்பது அலகுகள் விதிக்கப்பட்டன. தகுந்த காரணமின்றித் தவறிய முதியோர் வழக்கு மன்றத்துக்கு முன் நிறுத்தப்படுவர். ஆறு மாதம்வரை அதே பண்ணையில் திருத்த உழைப்பு, வருவாயில் காற்பங்கு வரை கழிவு என்பன தண்டனை. வேலைநாள் அலகு என்பது கூலி அன்று என்பதையும் வாசகர் மனங்கொள்ள வேண்டும். அரசுக்குரிய பங்கும் விதைக்குரிய பங்கும் பிற கடன்களும் கழிந்தபின் எஞ்சுவதை அலகுகளின் விகிதப்படி பகிர்வதே முறை. எஞ்சியது ஒன்றுமில்லையேல் அலகுக்கும் பெறுமதியில்லை. போர்க்காலக் கிராமத்துப் பெண் தன் பெயருக்கு நேரே ஏறிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பசியாற்ற வேண்டியவளாயினாள்.

காத்திருப்பு என்பதற்கு நாம் இங்கு கொடுக்கும் பொருள் இத்தகைய வாழ்வையும் உள்ளடக்கியது. சுல்பியா ஆயாவின் தலைமுறைப் பெண் வாயிற்படியில் அமர்ந்து பாதையைப் பார்த்திருக்க நேரம் பெற்றவளல்லள். ஆணையும் கணக்கேடும் அவளை விடியுமுன் வயலுக்கு அழைத்தன. பருத்தி எடுக்குங் காலம் கழிந்தால் மாரியில் வாய்க்கால் வேலை. அது முடிந்தால் நீர்மின் நிலையங்கள், புதிய கால்வாய்கள் முதலியவற்றுக்கான ஹஷர் எனும் கூட்டுழைப்பு. மூப்பினாலோ பிற காரணங்களாலோ படைக்கு எடுக்கப்படாத ஆண்களும் ஊரில் நிலைக்கவில்லை. தொழிற்படை என்ற பெயரில் அவர்கள் ஊரால் மலைப்பகுதிச் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பப்பட்டனர். ரஷ்ய மொழி அறியாத, கடுங்குளிருக்குப் பழகாத அவ்வுழவருள் பலர் நோயால் மாண்டனர். போரில் இறந்தோர் பட்டியலில் இடமில்லாத அவர்களுக்காகவும் வீடுகளில் எவரேனும் காத்திருந்தனர்.

வந்தவர்களையும் நாம் மறத்தலாகாது. உஸ்பெக் குடியரசின் மக்கட்டொகை அக்காலத்தில் சுமார் 65 இலட்சம். அங்கு பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மேற்குப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்து வந்தனர். அவர்களுள் சுமார் இரண்டு இலட்சம் பேர் சிறுவர். இவர்களைப் பற்றி அப்பாஸொவின் படம் பேசிற்று. ஆனால் 1944 மே மாதத்தில் கிரைமியாவிலிருந்து தாத்தார் மக்கள் முழுமையாக நாடுகடத்தப்பட்டபோது, அவர்களுள் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கப்பட்டதும் இதே குடியரசின் கிராமங்களிலும் தொழிற்குடியிருப்புகளிலுமே. அதே ஆண்டு நவம்பரில் மெஸ்கேத்தியத் துருக்கியர் வந்தனர். கொரியர் 1937 தொடக்கம் அங்கிருந்தனர். ஒரே கிராமத்தில் ஒரு வீட்டுப் பெண் போர்முனையிலுள்ள மகனுக்காகக் காத்திருக்க, அயற்குடிசையில் நாடுகடத்தப்பட்ட இன்னொரு பெண் அதே படையில் பணியாற்றும் தன் மகனுக்காகக் காத்திருந்தாள் என்பது கற்பனையன்று. செஞ்சேனையில் தாத்தார் வீரரும் இருந்தனர்.

காத்திருப்புக்கு முடிவு கடிதமாக வந்தது. போரில் இறந்தமையை அறிவிக்கும் தாளினை உஸ்பெக் மக்கள் ‘கரா ஹத்’, அதாவது கருங்கடிதம் என்றனர். அஞ்சற்காரன் ஊருக்குள் நுழைவதைக் கண்டு பெண்கள் கதவடைத்தமை அக்காலத்தைப் பற்றிய கதைகளில் மீண்டும் மீண்டும் வரும் செய்தி. எழுத்தறிவு குறைந்த ஊரில் கடிதத்தைப் படித்துச் சொல்பவரே ஊரின் துயரத்தையெல்லாம் முதலில் அறிபவராயினார். அவர் சில வேளைகளில் கடிதத்தை மறைத்தார். அறுவடை முடியட்டும் என்று நாள் கடத்தினார். ஒரு தாயின் அழுகையை ஒத்திவைப்பது இரக்கமா, விளைச்சல் இலக்கின் கட்டாயமா என்பதைத் திட்டவட்டமாகக் கூறுதல் அரிது. இரண்டும் ஒருங்கே இருந்திருத்தல் கூடும்.

எனினும் கருங்கடிதம் ஒரு வகையில் பேறு. 2020ஆம் ஆண்டு நிறைவையொட்டி உஸ்பெக் அரசு வெளியிட்ட கணக்கின்படி சுமார் 19 இலட்சத்து 50 ஆயிரம் பேர் போருக்குச் சென்றனர். 538,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 158,000க்கு மேற்பட்டோர் காணாமற்போயினர். இம்மூன்றாவது எண்ணே ‘இல்ஹாக்’ என்ற சொல்லின் முழுப்பொருளையும் தாங்கி நிற்பது. இறந்தவனுக்கு இறுதித் தொழுகை உண்டு. நினைவு நாள் உண்டு. அவன் குடும்பத்துக்கு உதவிப்பணம் உண்டு. காணாமற்போனவனுக்கு இவற்றுள் எது உண்டு?

இதற்கு அரசின் விடை கொடியதாயிருந்தது. 1941 ஒகஸ்ட் 16ஆம் திகதி வெளியான 270ஆம் இலக்கக் கட்டளை, பகைவரிடம் சரணடைந்த படைவீரரின் குடும்பங்களுக்கு அரச உதவியை மறுத்தது. சரணடைந்த அதிகாரிகளின் குடும்பத்தினரோ கைதுசெய்யப்படற்குரியராயினர். காணாமற்போனவன் மாண்டிருக்கலாம், சிறைப்பட்டும் இருக்கலாம். சிறைப்பட்டவன் சரணடைந்தவனாகக் கருதப்பட்ட நாட்டில், மகனைக் காணாத தாய் ஐயத்துக்குரியவளாகவும் ஆயினாள். சிறைப்பட்ட மத்திய ஆசியரைக் கொண்டு ஜேர்மனியர் துர்க்கிஸ்தான் படைப்பிரிவை அமைத்தமை அவ்வையத்தை மேலும் வளர்த்தது. பட்டினி முகாமில் சாவதா, பகைவரின் சீருடையை அணிவதா என்ற நிலையில் நிறுத்தப்பட்ட உழவனின் தெரிவை அறநூல் கொண்டு அளப்பது எமக்கு உடன்பாடன்று.

இதன் மறுபக்கத்தை நெதர்லாந்தின் அமர்ஸ்ஃபோர்ட் முகாம் காட்டும். 1941 செப்ரெம்பரில் 101 சோவியத் போர்க்கைதிகள் அங்கு கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் உஸ்பெக் நாட்டவர். மத்திய ஆசிய முகங்களை டச்சு மக்களுக்குக் காட்டி, ‘இவர்தாம் உங்கள் எதிரிகள்’ எனப் பரப்புரை செய்வதே ஜேர்மனியரின் நோக்கமாயிருந்தது. மாரி முடிவதற்குள் 24 பேர் பசியாலும் நோயாலும் வதையாலும் இறந்தனர். எஞ்சிய 77 பேரும் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி விடியற்காலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுடைய பெயர்கள் பல்லாண்டுகளாக எவருக்கும் தெரியவில்லை. சமர்க்கந்துப் பக்கத்துக் கிராமங்களில் அவர்களுக்காகக் காத்திருந்தோருக்குக் கருங்கடிதமும் வரவில்லை. காட்டிக்கொடுத்தவர் எனச் சிலர் ஐயுறவும் கூடிய நிலையில், எவரையும் காட்டிக்கொடாது மாண்டவர்களின் தாய்மார் தம் முதுமையைக் கழித்தனர்.

இவற்றை மனங்கொண்டு பார்க்குமிடத்து, ஐந்து புதல்வரையும் நாட்டுக்கு ஈந்த தாய் என்ற உருவம் ஏன் அரசின் நினைவிற்குப் பொருத்தமாயிற்று என்பது புலப்படும். அவளது இழப்பு முழுமையானது. ஐவரும் போரில் உயிரீந்தவராகவே பொதுப்பதிவில் நிற்கின்றனர். அவள்மீது ஐயத்தின் நிழல் படிய இடமில்லை. தப்பியோடியவனின் தாய்க்கு இத்தகைய இடத்தை எந்த அரசும் வழங்கவில்லை. இலக்கியமே அவளுக்கு இடம் தந்தது. ஸைத் அஹ்மத் 1964க்கும் 1974க்கும் இடையில் எழுதிய ‘உஃபுக்’ (அடிவானம்) என்ற மூன்று பாக நாவல் பெர்கானாக் கால்வாயிற் தொடங்கிப் போர்க்காலக் கிராமத்துக்குள் நுழைகின்றது. அதில் இக்ராம்ஜான் என்ற உழவன் போரில் காலை இழந்து ஊர் திரும்புகின்றான். அவனுடைய மகன் துர்சுன்பாய் போருக்கு அஞ்சித் தப்பியோடி மறைந்து வாழ்கின்றான். தந்தையின் நாணமும் தாயின் பாசமும் ஒரே வீட்டில் மோதும் அப்பகுதி, உஸ்பெக் உரைநடையின் சிறந்த பகுதிகளுள் ஒன்று என்பது எம் துணிபு. நாவலாசிரியர் ஸ்ராலினின் இறுதிக் காலத்தில் சிறையிருந்தவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. குற்றவாளி எனப்பட்டவனின் குடும்பம் ஊரார் முகத்தில் எதைக் காணும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இத்தகைய தாய் திரையின் மையத்துக்கு வருவதற்குப் பொதுநினைவின் போக்கும் இடந்தரவில்லை. தாஷ்கண்ட் நகரின் சிலைகளே இதற்குச் சான்று. ஷாமஹ்மூதொவ் குடும்பத்தைக் காட்டும் சிலைத்தொகுதி 1982இல் நிறுவப்பட்டது. விடுதலைக்குப் பிந்திய ஆட்சி 1999இல் மே 9ஆம் நாளை வெற்றி நாளென்னாது ‘நினைவும் மதிப்பும்’ என்ற நாளாக்கிற்று. அவ்வாண்டிலேயே நகர மையத்தில் துயருறும் தாயின் சிலையும் எழுந்தது. தத்தெடுத்த குடும்பத்தின் சிலை 2008இல் மையத்திலிருந்து அகற்றப்பட்டது. அது பழைய இடத்துக்கு மீள ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. 2020 மே 9ஆம் திகதி, புதிய வெற்றிப் பூங்காவில் சுல்பியா ஸாகிரொவாவை மையமாகக் கொண்ட ‘உறுதியின் புகழ்ப்பா’ என்னும் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. குழந்தைகளை ஏற்ற தாய், பெயரில்லாத துயருற்ற தாய், புதல்வரை ஈந்த உறுதிமிக்க தாய் என மூன்று தாய்மார் நாற்பது ஆண்டுகளுக்குள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஆட்சியின் தேவை மாறியபோதெல்லாம் தாயும் மாறினாள். பருத்தி வயலில் 150 அலகுகளை ஈட்டிய உழைப்பாளியாக அவள் எப்பொழுதும் சிலையாகவில்லை.

‘இல்ஹாக்’ இந்த மூன்றாவது தாயின் படமாகவே பிறந்தது. ஆயினும் அதனை அரசு விழாவின் இணைப்பென்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. தம் மூதன்னையரின் மௌனத்துக்குத் திரையில் ஒரு முகம் கிடைத்தமையைச் சாதாரண மக்கள் பெரிதாக மதித்தனர். அம்மதிப்புக்கு அடிப்படை உண்டு. வெற்றி முழக்கத்தைத் தலைப்பாக்காமல் காத்திருப்பைத் தலைப்பாக்கியதும் சிறிய காரியமன்று. எம் குறையெல்லாம், ஒரு தாயை உச்சியில் நிறுத்தும் கதையமைப்பில் ஏனையோர் அவளைச் சூழ்ந்த நிழல்களாகிவிடுவர் என்பதே. குறிப்பாக மருமகள்மாரைப் பற்றிய வினா எழுகின்றது. புதல்வர் போனபின் அவ்வீடுகளில் எஞ்சியவர்கள் இருபது, இருபத்தைந்து வயதுடைய பெண்கள். அவர்கள் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? அதனை யார் தீர்மானித்தனர்?

அயலிலுள்ள கிர்கீசிய மண்ணிலிருந்து இதற்கு ஒரு விடை வந்தது. சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘அன்னை வயல்’ சோவியத் வெளியீடுகள் வாயிலாகத் தமிழ் வாசகருக்கு அறிமுகமானது. 1963இல் எழுதப்பட்ட அக்குறுநாவலை வாசித்தோர் தொல்கொனாயை மறந்திரார். அவளும் போருக்குக் கணவனையும் மூன்று புதல்வரையும் இழந்தவள். இளையவன் ஜைனாக் காணாமற்போனவன். ஆனால் ஐத்மாத்தவ் தொல்கொனாயை மட்டும் எழுதவில்லை. அவளுடைய மருமகள் அலிமான், கணவன் இறந்தபின் வேறொருவனால் கருவுறுகின்றாள், பிள்ளைப்பேற்றின்போது இறக்கின்றாள். அக்குழந்தையைத் தன் பேரனாக ஏற்று வளர்ப்பவள் தொல்கொனாய். அவன் பிறப்பின் வரலாற்றை அவனுக்கு எவ்வாறு சொல்வது என்பதே கதை முழுவதும் அவளை வருத்தும் வினா. வயலிடம் அவள் கேட்டு நிற்பதும் அதையே.